கறிவேப்பிலையும் ஜூனிப்பரும்

லண்டனில் வீட்டிலேயே நல்ல ஜின் காக்டெயில் கலக்க என்ன வழி என்று யாராவது கேட்டால், முதலில் டூட்டிங் தமிழ்க் கடைகளுக்குத்தான் போகச் சொல்வேன். பாட்டிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எலுமிச்சை, கறிவேப்பிலை, இஞ்சி, புதினா, ஏலக்காய், நன்னாரி சர்பத் எல்லாம் அப்பர் டூட்டிங் ரோட்டில் ஒரு நடையில் கிடைத்துவிடும். எந்த ஜின் வாங்கலாம் என்று ராத்திரி முழுக்க இணையத்தில் தேடுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்த எலுமிச்சைச் சாறு இருக்கும். நாற்பது பவுண்டு கொடுத்து வாங்கிய சரக்கில் அந்தச் சாற்றை ஊற்றுவதைப் பார்க்க மனசு கேட்காது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஜின் என்பது மணம் ஏற்றிய ஸ்பிரிட். தானியத்திலிருந்து வடித்த, வாசனையே இல்லாத சுத்தமான ஸ்பிரிட்டில் ஜூனிப்பர் காய்களையும் வேறு சில விதை, வேர், பட்டை, தோல்களையும் ஊறவைத்து, செப்பு வாலையில் மறுபடி வடிப்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் ஓமத்தைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்து ஓமவாட்டர் இறக்குவார்களே, அதே வேலைதான். ஆல்கஹால் 37.5 சதவீதத்துக்குக் குறைந்தால் இங்கே அதை ஜின் என்று விற்க முடியாது. ‘லண்டன் டிரை’ என்று போட வேண்டுமானால் இன்னும் கெடுபிடி. வடித்து முடித்த பிறகு எந்த மணமும் சேர்க்கக் கூடாது, சர்க்கரை லிட்டருக்கு 0.1 கிராமைத் தாண்டக் கூடாது. லண்டனில்தான் வடிக்க வேண்டும் என்று மட்டும் விதி இல்லை. மதுரையில் வடித்தாலும் முறை சரியாக இருந்தால் லண்டன் டிரைதான்.

ஜூனிப்பருக்கு அடுத்து ஜின்னில் முக்கியமான சரக்கு எது தெரியுமா? கொத்தமல்லி விதை. நம்ம தனியா. அநேகமாக எல்லா ஜின்னிலும் அது இருக்கும். நல்ல ஜின்னை முகரும்போது எலுமிச்சை மாதிரி ஒரு மெல்லிய மணம் எழுகிறதே, அதில் பெரும் பங்கு தனியாவின் லினலூல் என்ற எண்ணெய்க்கூறு தருவது. தனியாவைச் சூடான வாணலியில் புரட்டும்போது முதலில் மேலெழும் வாசனையும் அதுதான். பிறகு அதிமதுரம், பட்டை, ஏலக்காய், வால்மிளகு, பாதாம், ஆரஞ்சுத் தோல் என்று பட்டியல் போகும். பாம்பே சஃபையரின் பத்துச் சரக்குகளில் வால்மிளகும் அதிமதுரமும் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் வளர்ந்த மூக்குக்கு இதில் அந்நியமாக எதுவுமே இல்லை.

டூட்டிங் பிராட்வேயில் நார்தர்ன் லைன் ஏறி ஓவலில் இறங்கினால், கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்திலேயே பீஃப்ஈட்டர் வடிசாலை. ஜேம்ஸ் பரோ என்பவர் 1860களில் செல்சியில் தொடங்கிய தொழில் அது. 1958ல் இந்த கென்னிங்டன் இடத்துக்கு வந்தது. ஒன்பது சரக்குகள். வாலையில் ஏற்றுவதற்கு முன் அவற்றை ஸ்பிரிட்டில் ஒரு நாள் முழுக்க ஊறப்போடுகிறார்கள். செவில் ஆரஞ்சுத் தோலும் எலுமிச்சைத் தோலும் வேருக்கும் விதைக்கும் நடுவில் ஊறுவதால்தான் அந்த ஜின் எலுமிச்சைச் சாற்றோடு இவ்வளவு ஒத்துப்போகிறது என்பது என் நம்பிக்கை. வீட்டில் கலக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாட்டில் இதுதான். விலையும் குறைவு, எந்தச் சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும்.

சிறு வடிசாலைகள் வந்த கதையையும் சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்த ஊர் ஜின்னில் மூழ்கிக் கிடந்தது. அது இன்றைய ஜின் இல்லை. ஜூனிப்பருக்குப் பதில் டர்பன்டைன் எண்ணெய் கலந்த மலிவுச் சாராயம். இரண்டிலும் பைனீன் என்ற மணக்கூறு இருப்பதால் வாசனை ஓரளவு ஏமாற்றிவிடும். குடித்தவர்கள் கதி பரிதாபம். 1736ல் சில்லறை விற்பனைக்கு 50 பவுண்டு உரிமக் கட்டணம் போட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 1751ல் ஓவியர் வில்லியம் ஹோகார்த், செயின்ட் ஜைல்ஸ் தெருவில் போதையில் கிடக்கும் தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழுவதை ‘ஜின் லேன்’ என்று செதுக்கி அச்சிட்டார். அதே வருடம் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் ஓரளவு கட்டுக்குள் வந்தது. அதிலிருந்து வடிப்பது மெல்ல மெல்லப் பெரிய கம்பெனிகளின் கைக்குப் போனது. 1,800 லிட்டருக்குக் குறைந்த வாலைக்கு உரிமம் தருவதில்லை என்பது வரித்துறையின் நடைமுறையாகவே ஆகிவிட்டிருந்தது.

ஃபேர்ஃபாக்ஸ் ஹால், சாம் கால்ஸ்வொர்தி என்ற இரண்டு நண்பர்கள் அதை எதிர்த்து விடாமல் மனுப் போட்டு, 2009ல் ஹேமர்ஸ்மித்தில் ஒரு சின்ன இடத்தில் சிப்ஸ்மித்தைத் தொடங்கினார்கள். பீர் பற்றி எழுதிப் புகழ்பெற்ற மைக்கேல் ஜாக்சனின் அலுவலகமாக இருந்த இடம் அது. 300 லிட்டர் செப்பு வாலை, அதற்கு ‘ப்ரூடன்ஸ்’ என்று பெயர். பான வரலாற்றை ஆராய்ந்த ஜேரட் பிரவுன்தான் வடிப்பவர். அதே காலத்தில் ஹைகேட்டில் இயன் ஹார்ட் தன் வீட்டிலேயே கண்ணாடிக் குடுவைகளை வைத்து, காற்றழுத்தத்தைக் குறைத்து, சூடு அதிகம் ஏறாமல் வடிக்கத் தொடங்கியிருந்தார்; அதுதான் சேக்ரட் ஜின். சூடு குறைவாக இருந்தால் தோலின் பச்சை மணம் வேகாமல் அப்படியே வரும். சிப்ஸ்மித் பிறகு சிசிக்குக்கு இடம் மாறி, 2016ல் பெரிய கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. ஆனால் அவர்கள் திறந்த கதவு வழியாக ஊருக்கு ஊர் சின்ன வடிசாலைகள் வந்துவிட்டன. ஒன்று நினைவிருக்கட்டும்: உரிமம் இல்லாமல் வீட்டில் வடிப்பது இங்கே குற்றம். வாங்கிய ஜின்னில் எதையாவது ஊறப்போடுவதற்குத் தடை இல்லை.

நம்ம பக்கத்து ஜின் ஒன்று இருக்கிறது. இலங்கையில் ராக்லண்ட் வடிசாலை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டுச் சரக்குகள் கிடைப்பது சிரமமானபோது, கார்ல் டி சில்வா விஜேரத்ன என்பவர் உள்ளூரில் கிடைப்பதை வைத்து ஒரு ஜின் வடித்தார். அந்தக் குறிப்பிலிருந்து இன்று வருவது ‘கொலம்போ நம்பர் 7’. ஜூனிப்பர், தனியா, ஏஞ்சலிகா வேர், அதிமதுரம் என்ற வழக்கமான நாலோடு, இலங்கைக் கறுவாப்பட்டை, இஞ்சி, கறிவேப்பிலை. லண்டனில் கிடைக்கிறது. திறந்ததும் கறிவேப்பிலை முகத்தில் அடிக்காது. ஒரு வாய் விழுங்கிய பிறகு அடித்தொண்டையில் மெதுவாக வரும். கறிவேப்பிலை எண்ணெயிலும் ஜூனிப்பர் எண்ணெயிலும் பைனீன் பொதுவாக இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் சேர்ந்தே நிற்கின்றன. கோவாவிலிருந்து ‘கிரேட்டர் தேன்’, ‘ஸ்ட்ரேஞ்சர் அண்டு சன்ஸ்’, இமயமலை ஜூனிப்பரில் வடிக்கும் ‘ஹபுசா’ என்று இந்திய ஜின்களும் இருக்கின்றன. ஹபுசாவில் மண் வாசனை தூக்கல். அதை டானிக்கில் கரைப்பதைவிட ஐஸில் தனியாகக் குடிப்பேன்.

டானிக்கின் கதை நேரே நீலகிரிக்குப் போகும். அதன் கசப்பு சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் கொய்னா. லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் என்பவர் 1858ல் டானிக் நீருக்குக் காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் மலேரியாவில் சாகும் பிரிட்டிஷ் படைக்கும் அதிகாரிகளுக்கும் கொய்னா வேண்டும், மரமோ தென் அமெரிக்காவில். க்ளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் அங்கிருந்து விதையும் கன்றும் கடத்தாத குறையாகக் கொண்டுவரப்பட்டன. லண்டனின் கியூ தாவரவியல் தோட்டம் அந்தப் போக்குவரத்துக்கு நடுவில் நின்றது. 1860, 61ல் அவை உதகைக்கு வந்துசேர, உதகைத் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தெடுத்தார். நடுவட்டத் தோட்டத்தில் வேலை வாங்கப்பட்டவர்களில் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் உண்டு. கூடலூர் போகும் வழியில் நடுவட்டத்தைக் கடந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். கோடைச் சாயங்காலத்தில் லண்டன் பப் வாசலில் ஆளுக்கொரு கிளாஸோடு நிற்கும் கூட்டத்துக்கும் அந்தச் சரிவுக்கும் உள்ள உறவு எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. அந்தக் கசப்புக்கு உழைத்த கைகளை நினைக்காமல் என்னால் அதைக் குடிக்க முடிவதில்லை.

சின்கோனாப் பட்டையை வாங்கி வீட்டில் டானிக் காய்ச்சும் செய்முறைகள் நிறைய உலவுகின்றன. வேண்டாம். பட்டையில் கொய்னா எவ்வளவு என்று வீட்டில் அளக்க முடியாது. மிஞ்சினால் காதில் இரைச்சல், தலைவலி, குமட்டல் என்று இறங்கும். கடை டானிக்கே போதும். 2005ல் லண்டனில் வந்த ஃபீவர் ட்ரீ, பெயரையே சின்கோனா மரத்திலிருந்து எடுத்துக்கொண்ட கம்பெனி, சாக்கரின் போடாமல் செய்து காட்டிய பிறகு மற்றவர்களும் தரத்தைக் கூட்டிவிட்டார்கள். சின்ன பாட்டிலாகவோ டின்னாகவோ வாங்குங்கள். ஒரு லிட்டர் பாட்டில் இரண்டாம் நாளே கேஸ் போய்ச் சப்பென்று ஆகிவிடும்.

இனி வேலைக்கு வருவோம். ஐஸ்தான் முதல் பாடம். ஃப்ரீசரில் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் மூடாமல் கிடந்த ஐஸில் மீன் வாசனை ஏறியிருக்கும். மூடியுள்ள தட்டில், பெரிய கட்டிகளாக, தனியாக உறையவையுங்கள். கிளாஸ் நிரம்ப ஐஸ் போட்டால் சரக்கு நீர்த்துப்போகும் என்று பலர் இரண்டே கட்டி போடுகிறார்கள். நடப்பது தலைகீழ். ஐஸ் நிறைய இருந்தால் எல்லாம் சீக்கிரம் குளிர்ந்து, ஐஸ் மெதுவாகக் கரையும்; இரண்டு கட்டி மட்டும் போட்டால் இரண்டும் உடனே கரைந்து தண்ணீராகிவிடும்.

இரண்டாவது பாடம் அளவு. இங்கே பப்பில் ஜின்னை 25 மில்லி அல்லது 35 மில்லி என்ற அளவில்தான் ஊற்ற வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வீட்டில் யாரும் அளப்பதில்லை. ஒரு சின்ன அளவுக் கிண்ணம் சில பவுண்டுகளுக்குக் கிடைக்கும். அது இல்லாமல் புளிப்பையும் இனிப்பையும் சரிக்கட்ட முடியாது, எவ்வளவு குடிக்கிறோம் என்பதும் தெரியாது. 40 சதவீத ஜின் 50 மில்லி என்றால், இங்கே மதுவை அளக்கும் கணக்கில் இரண்டு யூனிட். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம், அதையும் மூன்று நாளுக்குக் குறையாமல் பரப்பிக்கொள்ளுங்கள் என்பது இந்நாட்டு மருத்துவ அதிகாரிகளின் அறிவுரை. என் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று கலந்து கொடுப்பேன், கேட்டால் இரண்டாவது. அதற்கு மேல் மோர்தான்.

அடுத்தது எலுமிச்சை. டூட்டிங்கில் நான் வாங்கும் கடையை வைத்திருப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு சனிக்கிழமை நான் பெட்டியில் கை வைக்கும்போதே, “தம்பி, அதை விடுங்கோ, இது இண்டைக்கு வந்த தேசிக்காய். தோலை ஒருக்கா மணந்து பாருங்கோ” என்று ஒன்றை எடுத்து நகத்தால் லேசாகக் கீறி நீட்டினார். கீறிய இடத்தில் எண்ணெய் பொடிப்பொடியாகத் துளிர்த்திருந்தது. அந்த எண்ணெய்தான் நமக்கு வேண்டும். ஜின்னின் மணமும் தோல் எண்ணெயின் மணமும் ஒரே இனம். சாறு புளிப்பைத் தரும், மணத்தைத் தோல்தான் தரும். சூப்பர்மார்க்கெட் எலுமிச்சைகளில் பளபளப்புக்கு மெழுகு பூசியிருப்பார்கள். அதைத் தோலோடு பயன்படுத்துவதானால் வெந்நீரில் தேய்த்துக் கழுவிவிடுங்கள். பிழிந்த சாறு சில மணி நேரத்திலேயே குணம் மாறும். காலையில் பிழிந்து ராத்திரிக்கு வைக்காதீர்கள்.

ஜின் அண்டு டானிக்குக்கு நான் கலப்பது இப்படி: கிளாஸ் நிரம்ப ஐஸ், 50 மில்லி ஜின், 150 மில்லி குளிர்ந்த டானிக், ஒரே ஒரு தடவை அடியிலிருந்து மேலே தூக்கிவிடும் கலக்கல். எலுமிச்சைத் தோலைப் பச்சை மட்டும் சீவி, கிளாஸுக்கு மேலே முறுக்கினால் எண்ணெய் மேற்பரப்பில் தெறிக்கும். கொலம்போ ஜின் என்றால் ஒரு இணுக்குக் கறிவேப்பிலையை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டி மேலே செருகுவேன். நசுக்கக் கூடாது. நசுக்கினால் பச்சைக் கசப்பு இறங்கி ரசம் தாளித்த மாதிரி ஆகிவிடும்.

நன்னாரியைச் சொல்லாமல் விட்டால் தகாது. ஜூனிப்பரோடு நன்னாரி அழகாகச் சேரும். நன்னாரி வேரின் மணக்கூறு வனிலாவின் மணக்கூறுக்கு ரொம்ப நெருங்கிய உறவு. ஜூனிப்பரின் கூர்மையை அது மழுக்காமல் வட்டமாக்கும். 50 மில்லி ஜின், 25 மில்லி எலுமிச்சைச் சாறு, 15 மில்லி நன்னாரி சர்பத், ஐஸ் போட்டுக் குலுக்கி, நீளக் கிளாஸில் வடித்து சோடா விட்டு நிரப்புங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில், காண்டியூட் தெரு லிம்மர்ஸ் ஹோட்டலோடு சேர்த்துச் சொல்லப்படும் காலின்ஸ் வகைதான் இது, சர்க்கரைப் பாகின் இடத்தில் நன்னாரி. சிவப்புச் சாயம் ஏற்றிய சர்பத் வேண்டாம். கருப்பட்டிப் பாகும் போட்டுப் பார்த்தேன். கருப்பட்டி ருசிதான் வருகிறது, ஜின் காணாமல் போகிறது. கருப்பட்டியைக் காப்பிக்கே வைத்துக்கொள்வோம்.

கிம்லெட் என்ற காக்டெயிலுக்கு லைம் கார்டியல், அதாவது இனிப்புச் சேர்த்த எலுமிச்சைச் சாறு, வேண்டும். லாக்லன் ரோஸ் 1867ல் சாராயம் சேர்க்காமல் எலுமிச்சைச் சாற்றைக் கெடாமல் வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்கர்வி நோய் வராமல் இருக்கக் கப்பல்களில் எலுமிச்சைச் சாறு கட்டாயமாக இருந்த காலம் அது. இன்று கடையில் வரும் கார்டியல் எனக்கு மிட்டாய் மாதிரி இருக்கிறது. வீட்டில் செய்வது சுலபம். ஆறு காயின் பச்சைத் தோலை மெல்லிசாகச் சீவி 150 கிராம் சர்க்கரையில் பிசறி ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் சர்க்கரை எண்ணெயை உறிஞ்சி ஈரமாகியிருக்கும். மூடியைத் திறந்ததும் சமையலறை முழுக்க மணக்கும். அதில் 150 மில்லி புதிய சாற்றை ஊற்றி, அடுப்பில் வைக்காமலே கரைத்து வடிகட்டினால் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். ஜின் 50, கார்டியல் 25, நன்றாகக் குலுக்கினால் முடிந்தது.

மார்டினி வேறு ரகம். செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் டியூக்ஸ் ஹோட்டல் பாரில், குலுக்கவும் மாட்டார்கள், கலக்கவும் மாட்டார்கள். உறையக் குளிர்ந்த கிளாஸில் துளி வெர்மூத், ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜின், மேலே எலுமிச்சைத் தோல். ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கிடையாது என்பது அந்த இடத்துப் புகழ்பெற்ற வழக்கம். வீட்டில் செய்வதும் எளிதுதான், ஆனால் ஐஸ் கரைந்த தண்ணீர் இல்லாததால் முழு வீரியத்தோடு இறங்கும். அளவைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த லண்டன் காக்டெயில் பிராம்பிள்தான். 1980களில் சோஹோவில் ஃப்ரெட்ஸ் கிளப்பில் டிக் பிராட்செல் உருவாக்கியது. வைட் தீவில் சிறுவனாக பிளாக்பெரி பறித்த நினைவிலிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 2016ல் காலமானார். பொடித்த ஐஸ் மேல் 50 மில்லி ஜின், 25 மில்லி எலுமிச்சைச் சாறு, 12 மில்லி சர்க்கரைப் பாகு. கடைசியில் பிளாக்பெரி மதுவான க்ரெம் த முயூர் 15 மில்லியை மேலிருந்து விட, ஊதா நிறம் ஐஸ் சந்துகளில் கோடு கோடாக இறங்கும். ஆகஸ்டு கடைசியில் லண்டன் வேலியோரமெல்லாம் பிளாக்பெரி பழுத்துக் கிடக்கும். அந்த வாரங்களில் அந்த மதுவைப் பாதியாகக் குறைத்து, ஐந்தாறு பழத்தை அடியில் மசித்துச் சேர்த்தால் புளிப்பும் விதையின் துவர்ப்பும் வரும். பாட்டிலில் அது கிடைக்காது. ரிச்மண்ட் மாதிரியான ராயல் பூங்காக்களில் பறிக்க அனுமதி கிடையாது. மற்ற இடங்களில் நாய் எட்டும் உயரத்துக்கு மேலே பறியுங்கள்.

அக்டோபரில் அதே வேலிகளில் ஸ்லோ காய்த்திருக்கும். நாவல் நிறத்தில், பொடியாக, வாயில் போட்டால் நாக்கை இழுக்கும் துவர்ப்பு. 350 கிராம் பறித்து, கழுவி, ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்தால் தோல் தானாக வெடிக்கும். 150 கிராம் சர்க்கரை, 70 சென்டிலிட்டர் சாதாரண ஜின்னோடு பெரிய ஜாடியில் போட்டு மூடி, வாரம் ஒரு தடவை குலுக்கிவிடுங்கள். இதற்கு விலையுயர்ந்த ஜின் வீண். மூன்று மாதம் வேண்டும். அக்டோபர் நடுவில் போட்டால் தைப் பொங்கலுக்கு வடித்துவிடலாம்.